அப்பனை நல்லவனாக்கிராதலே!

ஏலே பேராண்டி, சாமியும் மந்திரமுமா ஒரு கார்ட்டூன் படத்துக்குக் கதை எழுதுதேன்னு சொன்னே. நல்ல சோலிதான். வெயில் படாது, மேலு வலிக்காது. ஆனா பக்கம் பக்கமா அடிக்கே, பொறவு அடிச்சதை எல்லாம் அழிக்கே. கேட்டா, 'எதை எழுதினாலும் எவனோ ஏற்கெனவே எழுதிட்டான் தாத்தா'ங்கே. எவனும் எழுதாததைத்தான் எழுதணும்னு உனக்கு எவம்லே சொன்னது? வில்லுப்பாட்டுல குடம் அடிச்சுக்கிட்டு, புலவர் சொல்லுததுக்கெல்லாம் 'ஆமா' போட்டே பொழச்சவன் நான். சுடலைமாடன் கதை கேக்க வந்தவன் ஒருத்தனாவது 'இது போன கொடையிலயே கேட்டதாச்சே'ன்னு துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போனதில்லை. கதை தெரிஞ்சவன்தான் முன்னால எடம் புடிச்சு உக்காருவான். எங்க அழணும்னு அவனுக்குத்தான் தெரியும்.

நீ காட்டுனியே அந்தச் சீனாக்காரன் படம், நேஜா. அதையே எடுத்துக்குவோம். ரெண்டு பாகத்தையும் பாத்துட்டுத் தாத்தா ஒரு வார்த்தை பேசலையேன்னு உனக்கு வருத்தம். வாயில வெத்தலை இருந்துச்சு. இப்பத் துப்பிட்டேன், கேளு.

எடுத்தவரு மருந்துப் படிப்பு படிச்சவராமே. படிப்பைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, கம்ப்யூட்டர்ல பொம்மை ஓட்டத் தானாவே கத்துக்கிட்டு, அம்மாவோட பென்சன் பணத்துல வீட்டுக்குள்ளயே கெடந்து, மூணு வருசத்துக்கு மேல உழைச்சு ஒரு குட்டிப் படம் எடுத்தாராம். ஜியாவ்ஸின்னு வச்சுக்கிட்டாரே பேரு, அது மாவுக்குள்ள கறியைப் பொதிஞ்சு அவிக்கிற பலகாரத்துப் பேரு. இந்தக் கதையை நீ சொன்னப்ப உங்க அம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்தியா? அவளுக்குப் பென்சனும் கிடையாது, பலகாரம் செய்யப் பொழுதும் கிடையாது. அது கெடக்கட்டும். 2019 ஜூலையில வந்த முதல் பாகம் 500 கோடி யுவான் அள்ளிருச்சு. 2025 சனவரியில ரெண்டாம் பாகம். 200 கோடி டாலருக்கு மேல வசூல், உலகத்துல அதுவரைக்கும் வந்த கார்ட்டூன் படம் அத்தனையையும் முந்திருச்சு. இவ்வளவு துட்டைக் குடுத்து சனம் பாத்த கதையில புதுசா என்னலே இருந்துச்சு? ஒரு மண்ணும் கிடையாது. அதான் விசயம்.

தொடக்கத்தைப் பாரு. ஆதியில ஒரு முத்து கெடந்து அட்டூழியம் பண்ணுது. பெரிய சாமி அதைப் புடிச்சு ரெண்டாப் பிரிக்காரு, நல்லது ஒண்ணு, பொல்லாதது ஒண்ணு. நல்லது சென்டாங் கோட்டைத் தளபதி லி ஜிங் வீட்டுல மூணாவது பிள்ளையாப் பொறக்கணும். பொல்லாததை மூணு வருசத்துல இடி விழுந்து பொசுக்கணும். சரி, இந்த ரெண்டையும் யாரு பொறுப்புல விடுதாரு? பன்னி மேல பறந்து வாரானே, தொந்தியும் தள்ளாட்டமுமா, தாய்யி, அந்த மொடாக்குடியன் பொறுப்புல! மேலோகத்துல வேற ஆளே இல்லையா? இருக்கான். ஆனா அவன் குடிக்க மாட்டான். குடிக்காதவன் கையில குடுத்தா முத்து பத்திரமா இருக்கும். முத்து பத்திரமா இருந்தா படம் பத்து நிமிசத்துல முடிஞ்சுரும். உலகத்தையே அழிக்கிற சாமானுக்கு வெளங்காத பயலாப் பாத்துக் காவல் போடணும். இதுல நீ வெக்கப்படவே கூடாது.

பொறவு அந்தக் கெடு. மூணு வருசம். சாமிக்கு நெனைச்ச நேரத்துல இடியை எறக்கத் தெரியாதா? தெரியும். ஆனா வட்டிக்காரன் வந்து வாசல்ல நிக்கப்போற நாளு தெரிஞ்சாத்தான் வீட்டுல உள்ளவன் ஒவ்வொருத்தனும் தன் சுயரூபத்தைக் காட்டுவான். கெடு இல்லைன்னா நேஜாப் பய இன்னும் சென்டாங் தெருவுல கல்லெறிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பான்.

முத்து மாறிப் போச்சு. பொல்லாதது தளபதி வீட்டுப் பிள்ளை நேஜாவுக்குள்ள, நல்லது கடல் ராசா மகன் ஆவ் பிங்குக்குள்ள. குழந்தை மாறுத கதையை நம்ம சினிமாக்காரன் எத்தனை வாட்டி எடுத்துருப்பான்? ஆசுபத்திரி நர்சு செஞ்ச வேலையை இங்க ஷென் கொங்பாவ் செய்தான், அவ்வளவுதான். ஆனா அந்த ஷென் கொங்பாவை நல்லா கவனிச்சுக்கோ. சிறுத்தையாப் பொறந்து தவம் பண்ணி மனுசனானவன். எல்லாரையும் விட அதிகமா உழைச்சான், ஆனா 'நீ மிருக சாதி'ன்னு மேல ஏற விடலை. அவன் கேக்கது அவ்வளவும் நியாயம். நியாயத்தைக் கடகடன்னு சொல்ல விட்டா நாம அவன் பக்கம் சாஞ்சுருவோம். அதான் அவனைத் திக்குவாயனாக்கிட்டான். கெட்டிக்காரன்! ரெண்டாம் பாகத்துல பாரு, அவனுக்கு ஒரு அப்பன், ஒரு தம்பின்னு குடும்பமே வந்து எறங்கிருச்சு. துட்டு வந்த பொறவு வில்லனுக்கும் வீடு கட்டிக் குடுத்துரணும், மூணாம் பாகத்துக்கு ஆகும். ரெண்டாம் பாகத்துக்குப் புது வில்லன் வேணுமே, மேலோகத்துல சாந்தமாச் சிரிச்சுக்கிட்டே வெள்ளைத் தாடியைத் தடவுத பெரியவரைப் புடிச்சுப் போட்டான். வெள்ளைத் தாடிக் கிழவன் எவன் வந்து யோசனை சொன்னாலும் ஒரு கண்ணு வச்சுக்கோலே. என் தாடியையும் சேத்துத்தான் சொல்லுதேன்.

மந்திரம் எழுதுதேன்னு சொல்லி நீ உன் பயலுக்கு எல்லாச் சக்தியையும் அள்ளிக் குடுத்துருக்கே. பறக்கான், மறையுதான், மலையைத் தூக்குதான். பொறவு அவனுக்கு என்னலே கவலை? நேஜா கழுத்துல ஒரு வளையத்தை மாட்டி வச்சிருக்கான் பாத்தியா. வளையம் கழுத்துல இருந்தா சக்தி பாதிதான். கழட்டினா மொத்த சக்தியும் வரும், புத்தி போயிரும். இப்ப நீ என்ன செய்வே? அதை யோசிக்க வைக்கத்தான் கதை. தாய்யி கையில ஒரு படச்சுருள் இருக்கு. அதுக்குள்ள போயி தூரிகையால எதை வரைஞ்சாலும் அது நெசமாயிரும், மலை, ஆறு, தாமரைக் குளம். அவ்வளவு பெரிய தூரிகை, ஆனா அந்தப் பயகூட வெளையாட ஒரு பிள்ளையை வரைஞ்சு குடுக்க அதால முடியலை. மந்திரத்தால ஆகாத காரியம் ஒண்ணை மொதல்ல முடிவு பண்ணிக்கோ. மிச்ச மந்திரத்தை எல்லாம் இஷ்டத்துக்கு எழுதிக்கோ.

வெளையாட்டுன்னதும் ஒரு எடம் சொல்லணும். அவன் அம்மா, யின், பேய் புடிக்கப் போற வேலைக்காரி. ஊருக்குள்ள ஒரு பிள்ளை அவன்கூடச் சேராது. ஒரு நா வீட்டுக்கு வந்தவ, இறகு வச்ச பந்தைக் காலால தட்டி வெளையாடலாமான்னு மகனைக் கூப்புடுதா. ரெண்டு வயசுப் பய தட்டுனா செவரு ஓட்டையாகுது. அதனால அவ போர்க் கவசத்தைக் கழட்டாமலே நின்னு வாங்குதா. வாங்கிட்டுச் சிரிக்கா. இதுல சாமி இல்லை, மந்திரம் இல்லை, ஆனா படம் அங்கனதான் இருக்கு. ரெண்டாம் பாகத்துல உடம்பெல்லாம் முள்ளு முளைச்சு நிக்க மகனை அதே அம்மா கட்டிப்புடிக்கா. முள்ளு அவளைக் குத்துது, இவன் வெலகப் பாக்கான், அவ விடலை. அந்த எடத்துல நான் வேணும்னே பொடி டப்பாவைத் தேடிக்கிட்டு இருந்தேன், நீ பாத்திருக்க மாட்டே.

ஆவ் பிங்கும் எனக்குப் புடிச்சுப் போச்சு. கடல் அரண்மனைன்னு பேருதான், அது நாகங்களுக்குச் செயில். நீ டிராகன்னு சொல்லுதியே, அதுகளைச் சாமிகள் கடலடியில பேய்களுக்குக் காவலா உக்கார வச்சு அதுகளையும் சேத்துப் பூட்டிட்டாங்க. இந்த ஒரு பய மேலோகத்துல பதவி வாங்கினாத்தான் மொத்தக் குலத்துக்கும் விடுதலை. ஒவ்வொரு நாகமும் தன் மேலுல இருக்கதுலயே கெட்டியான செதிளைப் பிச்சுக் குடுக்கு, அதைக் கோத்து அவனுக்கு ஒரு கவசம். யாரு தோள்லயாவது இவ்வளவு பாரத்தை ஏத்திட்டு, 'போயி நண்பனைக் கொல்லு'ன்னு சொல்லிப் பாரு. நல்ல முத்து அவனுக்குள்ள, ஊரையே பனிக்கட்டியால மூட வாரான். பொல்லாத முத்து நேஜாவுக்குள்ள, தன்னை வெறுத்த ஊரைக் காப்பாத்த நிக்கான். பழைய சூத்திரந்தான், ஆனா சொருகுன எடம் சரி.

இப்ப என் வழக்குக்கு வாரேன். அந்த அப்பன், லி ஜிங். மகனுக்கு விழப்போற இடியைத் தன் தலையில வாங்கிக்க மேலோகம் போயி உயிர்மாத்து ஓலை வாங்கிட்டு வந்து மறைச்சு வச்சிருக்கான். கடைசியில உண்மை தெரிஞ்சு மகன் கலங்குதான். நீயும் அழுதே. கண்ணுல தூசின்னே. எனக்கு அந்த எடத்துலதான் வெத்தலை கசந்துச்சு.

நீ தூங்குன பொறவு உன் போனைக் கேட்டேன். தமிழ்ல கேட்டா தமிழ்லயே சொல்லுது சவம்! மூலக்கதை 16ஆம் நூற்றாண்டுல, மிங் ராசாக்கள் காலத்துல வந்த நாவலு, 'ஃபெங்ஷென் யென்யி'ன்னு பேரு. 100 அத்தியாயம். சண்டையில செத்தவனுக்கெல்லாம் பட்டியல் போட்டு மேலோகத்துல பதவி குடுக்காங்க, மொத்தம் 365 பதவி. செத்தாத்தான் சர்க்கார் வேலை, அது கெடக்கட்டும். நேஜா வாரது 12ல இருந்து 14 வரைக்கும் உள்ள அத்தியாயத்துல. ஏழு வயசுப் பய, வெக்கை தாங்காம ஆத்துல எறங்கித் தன் செவப்புப் பட்டுத்துணியைத் தண்ணியில அலசுதான். அந்த அலசுல கடலடி அரண்மனை ஆடுது. என்னன்னு கேக்க வந்த காவக்காரனை அடிச்சுக் கொல்லுதான், பொறவு வந்த ஆவ் பிங்கையும் கொல்லுதான். கொன்னுட்டு என்ன செஞ்சான் தெரியுமா? அந்த நாகத்தோட நரம்பை உருவி எடுத்துக்கிட்டான். எதுக்கு? அப்பாவுக்கு அரைக்கச்சை பின்னிக் குடுக்க. நல்ல பிள்ளை!

அப்பன் நடுங்கிட்டான். நாலு கடல் ராசாவும் வந்து அப்பனையும் அம்மாவையும் புடிச்சுக் கட்டுதாங்க. அப்ப அந்தப் பய சொன்ன தீர்ப்பைக் கேளு. சதை அம்மா குடுத்தது, எலும்பு அப்பன் குடுத்தது, ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டா உங்களுக்கும் எனக்கும் பாக்கி இல்லை. சொல்லிட்டுத் தன்னைத்தானே அறுத்துக்கிட்டான். ஏலே, எனக்குத் தெரிஞ்ச எந்தக் கூத்துலயும் ஒரு பிள்ளை இப்பிடிக் கணக்கு முடிச்சதில்லை. அதோட விட்டானா? செத்த பய அம்மா கனவுல வந்து ஒரு கோயில் கட்டச் சொல்லுதான். அவ புருசனுக்குத் தெரியாமக் கட்டுதா. சனம் கும்புட வருது, கேட்டதெல்லாம் நடக்கு. அந்த வழியாப் போன அப்பன் பாத்துட்டான். சாட்டையால சிலையை அடிச்சு நொறுக்கிக் கோயிலுக்குத் தீ வச்சுட்டான். பொறவு தாய்யி தாமரையால ஒரு உடம்பு செஞ்சு குடுக்க, எந்திரிச்ச பய வேலைத் தூக்கிக்கிட்டு அப்பனைக் கொல்லத் தொரத்துதான். அப்பன் ஓடுதான். கடைசியா ஒரு சாமியாரு தங்கக் கோபுரம் ஒண்ணை அப்பன் கையில குடுக்காரு. அதுக்குள்ள மகனை அடைச்சு நெருப்பு வச்சு, 'அப்பா'ன்னு சொல்ல வச்சாங்க. சமாதானமாயிருச்சாம். இன்னைக்கும் லி ஜிங் சிலை கையில கோபுரத்தோடதான் நிக்கும். மகனை நம்பிக் கையைக் கீழ போட முடியாத தகப்பன்.

1979ல ஷாங்காய்க்காரங்க ஒரு நேஜா படம் எடுத்தாங்க, கையால வரைஞ்ச படம். அதையும் உன் போன்லயே பாத்தேன். அதுல ஊரு வெள்ளத்துல முங்கப் போகுது. அப்பன் மகனை வெட்ட வாளை ஓங்கி, வெட்ட முடியாமக் கீழ போடுதான். மழைக்குள்ள அந்தப் பய அப்பன் வாளையே எடுத்துத் தன் கழுத்துல வைக்கான். பிள்ளைகளுக்கு எடுத்த படம்லே அது! அந்தப் பிள்ளைகள் வளந்து கலியாணம் முடிச்சு, தங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு 2019ல தியேட்டருக்கு வந்தாங்க. ஜூலை மாசம், பள்ளிக்கூட லீவு. டிக்கெட்டுக்குத் துட்டு குடுக்கது யாரு? அப்பன். அவனை நொறுக்கி அனுப்பினா அடுத்த வாரம் வருவானா? அதனால லி ஜிங் நல்லவனாயிட்டான். நரம்பை உருவின பயலுக்கும் செத்த ஆவ் பிங்குக்கும் சிநேகம். சதையும் எலும்பும் திருப்பிக் குடுத்த கணக்கு, தாமரைக் கிழங்கு மாவுல உடம்பு பிசையுத வேடிக்கையாப் போச்சு. எடுத்தவரு மேல எனக்குக் கோவமில்லை. அவரு மூணு வருசம் அம்மா சோறு தின்னவரு, பெத்தவளை நெஞ்சுல வச்சு எழுதியிருக்காரு, அது முள்ளுல தெரியுது. அப்பனை எழுதுனது மட்டும் கணக்கப்பிள்ளை.

வில்லுல நாங்க பாடுத கதையில சுடலையும் உருவமில்லாத பிண்டமாத்தான் அம்மை மடியில விழுந்தாரு. நேஜா படத்துல சதை உருண்டையா அந்தப் பய வந்து விழுந்தப்பவே நான் நிமிந்து உக்காந்துட்டேன். சுடுகாட்டுல பிணம் தின்ன பிள்ளை கைலாசத்துல இருக்கக் கூடாதுன்னு அப்பன் கீழ அனுப்பிட்டாரு. அதைச் சுடலை கோயில் வாசல்லயே, அவரு கேக்கப் பாடுவோம். 'சிவன் பாசத்துல மகனுக்காக அழுதார்'னு மாத்திப் பாட எவனுக்குலே தைரியம்? சாமியாடி அரிவாளோட எதுத்தாப்புல நிக்கான். நேஜாவுக்கும் தைவான்ல கோயில் இருக்கு, மூணாவது இளவரசர்னு கும்புடுதாங்க. பெரிய பொம்மையைத் தோள்ல மாட்டிக்கிட்டு டிஸ்கோப் பாட்டுக்கு ஆடுதாங்க. அங்கன போயி இந்த அப்பன் கதையைச் சொல்லிப் பாக்கணும்.

திருடுததுக்கு ஒரு யோசனை சொல்லாம விட்டா நான் தாத்தாவா? இந்த நேஜா யாருன்னு நெனைக்கே? நம்ம குபேரன் மகன் நளகூபரன். தண்ணியைப் போட்டுட்டு அம்மணமா ஆத்துல ஆட்டம் போட்டு, நாரதர் சாபத்துல மருத மரமாகி நின்னான். கண்ணன் உரலை இழுத்து மரத்தைச் சாச்சு எழுப்பிவிட்டான். அவன்தான். புத்தமதத்துக்காரங்க குபேரனை வைச்ரவணன்னு காவல் தெய்வமாச் சீனாவுக்குக் கொண்டு போனாங்க, கையில சின்னக் கோபுரத்தோட. அங்க போயி, தாங் ராசா காலத்துல நெசமா வாழ்ந்த லி ஜிங்குங்கிற தளபதியோட ஒண்ணாக் கலந்துட்டாரு. நளகூபரன் பேரும் தேஞ்சு நேஜாவாச்சு. மெய்ர் ஷஹர்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் 2015ல தனிப் புத்தகமே போட்டுருக்காரு. ஆத்துல எறங்கி நாகத்தை மிதிச்ச நம்ம கண்ணன் பயலும் அவனோட சேந்துக்கிட்டாங்கிறாரு. பாத்தியா, மரமா நின்ன பயலும் அவனை எழுப்புன பயலும் போற வழியில ஒரே ஆளாயிட்டாங்க. திருடுனா இப்பிடித் திருடணும். சொந்தக்காரன் முன்னாலயே ஓட்டிக்கிட்டுப் போகணும், அவன் டிக்கெட்டு வாங்கிப் பாக்கணும்.

இன்னொண்ணையும் யோசி. கோபுரம் முதல்ல சாமி கையில சும்மாதான் இருந்துச்சு. எவனோ ஒரு கதைக்காரன் அதைப் பாத்து, 'ஏம்பா இதைக் கீழ வைக்க மாட்டேங்கான்?'னு கேட்டிருக்கணும். 'மகனுக்குப் பயந்து'ன்னு அவனே பதிலும் சொல்லியிருக்கணும். நீ லேப்டாப்புல தேடுததை அவன் சிலை கையில தேடியிருக்கான்.

உன் கதையையும் வாசிச்சேன். அழிக்கதுக்கு முந்தி வாசிச்சேன், திட்டாத. அதுலயும் அப்பன் மகனுக்காக உயிரை விடுதான், மகன் மடியில படுத்துக்கிட்டு ஒரு பக்கத்துக்குப் பேசுதான். ஏலே, எஞ்சினியர் படிப்பைப் பாதியில விட்டுட்டுப் பொம்மைப் படம் படிக்கப் போனன்னைக்கு உங்க அப்பன் உன் மார்க்கு சீட்டை அடுப்புல போட்டான். நீ வாங்கித் தந்த வேட்டியை இன்னும் மடிப்பு கலைக்கலை. அவன் உயிரை விடுதானாம், அதுவும் ஒரு பக்கத்துக்குப் பேசிக்கிட்டு! அவன் மொத்த வாழ்நாள்லயும் ஒரு பக்கத்துக்குப் பேசியிருப்பானா?

அந்த வேட்டியை எழுது. அடுப்பை எழுது. சாமிக்கு வேணும்னா நாலு கை வச்சுக்கோ, பன்னிக்கு றெக்கை கட்டிக்கோ, நான் கேக்க மாட்டேன். 'என்னத்தை எழுதுதே'ன்னு அவனா வந்து கேட்டா 'சாமி கதைப்பா'ன்னு சொல்லு. தாத்தா யோசனை குடுத்தாருன்னு மட்டும் வாய் தவறிக் கூடச் சொல்லிராத. அவன் என்கிட்டயும் பேசுததில்லை.